ஆறு மணிக் கையெழுத்து

இரத்தோட்டை,
04.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைக் கண்டதும் யாருக்கோ சுகமில்லை என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றுமில்லை. டர்பைன் சத்தத்தில் உங்கள் காது போய்ப் பத்து வருடமாகிறது. தொலைபேசியில் நான் ஒன்று கேட்க நீங்கள் வேறொன்று சொல்வீர்கள். தவிர, எனக்கு வேண்டியது எழுத்தில் வேண்டும்.

கெஹெல்வெல மின்நிலையத்தை டிசம்பர் முப்பத்தோராம் திகதி மூடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மூடுமுன் அதன் ஐம்பத்தைந்து வருட வரலாற்றை மூன்று மொழியிலும் ஒரு மலராகப் போடுகிறார்களாம். தமிழ்ப் பகுதியை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மாத்தளையில் வரலாறு படிப்பிக்கிற, சிங்களத்திலிருந்து தமிழுக்கு எழுதக்கூடிய ஆசிரியைகள் அதிகமில்லை. அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம். நீங்கள் என் அண்ணன் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மலர்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மூடப்போகிற எதையும் புகழ்வது எளிது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

உங்களிடம் மூன்று கேள்விகள்.

முதலில் வேலைக்கு வந்தவர்கள் யார்? கம்பெனி தந்த சிங்கள நகலில் ‘உள்ளூர் மக்கள்’ என்று மட்டும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் யாரையும் மறைத்துவிடலாம். இரண்டாவது, நிலக்கரி இந்த மலைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

மூன்றாவது, அறுபத்திரண்டாம் பக்கத்தில் உள்ள ஒரு வாக்கியம் பற்றியது. அதை நான் தமிழாக்கியபடியே தருகிறேன்: ‘14.03.2003 மாலை ஆறு மணியளவில், ஷிப்ட் பொறுப்பாளர் தடுத்தும் கேளாமல் சாம்பல் தொட்டியின் கதவைத் திறந்த அழகையா என்னும் தொழிலாளி, தமது கவனக்குறைவால் உயிரிழந்தார்.’

அன்றைய ஷிப்ட் பொறுப்பாளர் நீங்கள். பதிவுத் தாளில் மாலை ஆறு மணிக்கு நேரே உங்கள் கையெழுத்து இருக்கிறது. எனக்குக் காட்டினார்கள்.

அண்ணா, அன்றுதான் நாம் அம்மாவை அடக்கம் செய்தோம். அந்த மாலை நீங்கள் இங்கே, இரத்தோட்டையில், எனக்கு இரண்டடி தள்ளி நின்றீர்கள். இதில் எனக்குத் தவறு நேர வழியில்லை.

அழகையாவின் மனைவி இலட்சுமி இன்னும் உங்கள் கன்டீனில் தேநீர் போடுகிறார் என்று அறிந்தேன். மலர் வெளியானதும் அவர் கையிலும் ஒரு பிரதி கொடுப்பார்கள். அதில் அந்த வாக்கியம் என் தமிழில் இருக்கும். அது உண்மைதானா என்று மட்டும் எழுதுங்கள்.

ஷியாமளா


கெஹெல்வெல,
20.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கன்டீனில் எல்லாருக்கும் முன்னால் வைத்துத் தந்தார்கள். இந்தக் காலத்தில் கடிதம் வருகிறவன் ஒன்று வழக்கு நடத்துகிறான், இல்லாவிட்டால் காதல் பண்ணுகிறான் என்று சிரித்தார்கள். ஐம்பத்தேழு வயதில் எதுவானாலும் பெருமைதான் என்றேன்.

இருபத்தோரு வருடத்தில் நீ எனக்கு அனுப்பியவை இரண்டு கல்யாணக் கார்டும் ஒரு நத்தார் வாழ்த்தும். இப்போது முழுசாக இரண்டு பக்கம். நிலக்கரிக்கு நன்றி.

உன் முதல் கேள்விக்குப் பதில். நிலையத்தைக் கட்டியது பக்கத்தில் இருந்த நூற்பாலைக்காக. ஆரம்பத்தில் கொழும்பிலிருந்து பத்துப் பதினைந்து பேரைக் கொண்டுவந்தார்கள். சூளை வாயில் ஒரு மாதம் நின்றவன் அடுத்த மாதம் ஊருக்குப் போய்விடுவான். பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது இரத்தோட்டைப் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தோட்டப் பதிவேட்டில் பெயர் வெட்டு விழுந்தது. வேலையும் இல்லை, குடியிருந்த லயக் காம்பராவும் இல்லை. அவர்கள்தான் இங்கே கரி அள்ளவும் சாம்பல் இழுக்கவும் வந்தார்கள். கம்பெனி அவர்களுக்கு என்ன கொடுத்தது தெரியுமா? நிலையத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு லயம். ‘உள்ளூர் மக்கள்’ என்று எழுதினால் எழுதிக்கொள்ளட்டும்.

கரி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் மாத்தளைக்கு வரும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. பிறகு லொறி. மழை நாளில் வருகிற கரி பாதி தண்ணீர். அதைப் போட்டால் தீ சீறும், எரியாது. எங்களிடம் இரண்டு கொதிகலன்கள். ஒன்றாம் நம்பர் சாது. இரண்டாம் நம்பருக்கு ‘மாமியார்’ என்று பெயர். ஏன் சத்தம் போடுகிறாள், எப்போது அடங்குவாள் என்று யாருக்கும் தெரியாது. கரி மட்டமாக இருந்தால் அவளுக்குள் சாம்பல் உருகி, பாறை மாதிரிக் கட்டி பிடித்துக்கொள்ளும். அதை உடைத்து விழுத்துவதுதான் இந்த நிலையத்திலேயே மோசமான வேலை.

ஆலை 1994இல் மூடியது. ஆலைக்காகக் கட்டியதை ஆலையோடு மூடியிருக்க வேண்டும். ஆனால் 96இல் நாடு முழுக்க மின்வெட்டு வந்தது. இவர்களிடம் மின்சாரம் வாங்கினார்கள். பிறகு ஒவ்வொரு முறை மூடப்போகிறோம் என்று சொல்லும்போதும் எங்கோ மழை பெய்யாமல் போகும், மறுபடி எங்களைக் கூப்பிடுவார்கள். 2022இல் கரியும் இல்லை. வேலிக்கு நட்ட மரங்களை வெட்டிப் போட்டு எரித்தோம். அப்போதும் பத்து நாள் ஓடினாள் மாமியார். முப்பத்தைந்து வருடமாக இதைப் பார்க்கிறேன். சாகவிடாமல் வைத்திருப்பதும் ஒரு தண்டனைதான்.

மூன்றாவது கேள்வி. அந்த வாக்கியத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போ. இப்படிப்பட்ட புத்தகங்களை யாரும் வாசிப்பதில்லை. அட்டையைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பார்கள்.

உன் வீட்டுக் கூரை ஒழுகுவதாக யாரோ சொன்னார்கள். திருத்திவிட்டாயா?

உன் அண்ணன்
கிறிஷாந்த்


இரத்தோட்டை,
08.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கூரையைத் திருத்தி நான்கு வருடமாகிறது.

நீங்கள் எழுதிய வரலாறு நகலில் உள்ளதைவிட நன்றாக இருக்கிறது. பெயர் வெட்டுப்பட்டவர்களைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அதை அவர்கள் நீக்குவார்களா என்று பார்க்க வேண்டும்.

ஓகஸ்ட் இருபத்தேழாம் திகதி நான் நிலையத்துக்கு வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியும். டர்பைன் மண்டபக் கண்ணாடிக்குப் பின்னால் உங்களைக் கண்டேன், நீங்களும் கண்டீர்கள். இரும்பு ஏணியில் மேலே ஏறிப் போனீர்கள். நான் கீழே கால் மணித்தியாலம் நின்றேன். அந்த ஏணியைத் தவிர இறங்க வேறு வழி கிடையாது என்று காவலாளி பிறகு சொன்னார். ஆகவே நான் போகும்வரை நீங்கள் மேலேயே இருந்திருக்கிறீர்கள்.

பதிவறையில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். 2003ஆம் வருடத் தாள்களை மட்டுமல்ல, முன்னும் பின்னுமாகப் பல வருடத் தாள்களைப் புரட்டினேன். ஒவ்வொரு தாளிலும் மணிக்கு மணி அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் எழுதியிருக்கிறது. பல நாட்களில் மாலை ஆறு மணிக்கான கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் கீழே கையெழுத்துகள் மட்டும் எல்லா நாளும் ஒழுங்காக இருக்கின்றன. அளவு எடுக்காதவர்கள் எதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள்? காலை ஆறு மணிக் கையெழுத்தும் மாலைக் கையெழுத்தும் ஒரே பேனையில், ஒரே சாய்வில் இருக்கின்றன. பன்னிரண்டு மணித்தியாலம் கரியில் வேலை செய்த கை காலையில் இருந்தது போலவா இருக்கும்?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நம் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தோனியம்மா, வயது அறுபத்தொன்று, 14.03.2003, மாலை ஐந்தரை. உறவினர் ஒப்பம் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. ஒரே நாள், ஒரே கை. இரண்டு இடங்களுக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர்.

கன்டீனில் இலட்சுமி எனக்கு பிளேன்டீ தந்தார். மெலிந்த பெண். பேச்சுக் குறைவு. நான் புத்தகம் எழுதும் ஆசிரியை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “அவரப் பத்தியும் போடுறீங்களா டீச்சர்?” என்று கேட்டார். ஆம் என்றேன். “எப்படின்னு போடுவீங்க?” என்றார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் நேர்மையானதாக இருக்காது. அம்மாவைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, செபமாலை தொடங்கிய நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. நீங்கள் யாரிடமும் சொல்லாமல் ஏறிப் போனீர்கள். ஏழாம் நாள் பூசைக்கு வரவில்லை. நாற்பதாம் நாளுக்கும் இல்லை. வேலைதான் பெரிது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை மாற்ற வேண்டுமா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஷியாமளா


கெஹெல்வெல,
29.09.2024

ஷியாமளாவுக்கு,

வாசித்துவிட்டுக் கிழித்துவிடு என்று சொன்னால் நீ கிழிக்கப்போவதில்லை. ஆகவே சொல்லவில்லை.

எங்களுக்கு ஷிப்ட் மாறுவது காலை ஆறு, மாலை ஆறு. சந்தியிலிருந்து நாவுல பக்கம் போகும் கடைசி பஸ் ஐந்து நாற்பதுக்கு. ஆலை இருந்த காலத்தில் கம்பெனி லொறி ஆட்களை ஏற்றி இறக்கியது. ஆலை மூடியதும் லொறி நின்றது. ஷிப்ட் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கேட்டோம். பஸ்ஸுக்காக மின்நிலையம் ஓடவில்லை என்று பதில் வந்தது.

எனவே நாங்களே ஒரு வழி செய்தோம். மாலை ஒப்படைப்புக்கான கையெழுத்தைக் காலையில் வரும்போதே எல்லாரும் வைத்துவிடுவது, ஐந்து நாற்பதுக்கு பஸ் ஏறுவது. இரவு ஷிப்ட் ஆட்கள் மாத்தளை பஸ்ஸில் ஆறு மணிக்கு வந்து இறங்குவார்கள். நடுவில் இருபது நிமிடம். நான் குவாட்டர்ஸில் இருக்கிறவன், எனக்கு பஸ் தேவையில்லை. அந்த இருபது நிமிடமும் நான் நிற்பேன். சாம்பல் ஆள் அழகையா பின்னால் லயத்தில் இருப்பவன், அவனும் நிற்பான். எங்கள் ஆட்களுக்கு இது பொய்யாகவே படவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டில், பேர் பதியும்போது, ஒருத்திக்காக இன்னொருத்தி பேர் கொடுத்துப் பழகியவர்கள். ஒருவனுக்காக மற்றவன் நிற்கிறான், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அம்மா போன செய்தி வந்ததும் லீவு கேட்டேன். மாற்றுக்கு ஆள் இல்லை என்றார் அப்போதைய சுப்பரின்டென்டன். பிறகு மெதுவாக, சாவு வீட்டுக்குப் போ, தாள் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும் என்றார். அதன் பொருள் எனக்குத் தெரியும். காலையில் இரண்டு கையெழுத்தையும் வைத்துவிட்டு வந்தேன். பகலில் பார்த்துக்கொண்டு அந்த இருபது நிமிடமும் நிற்பதாக என் ஷிப்டில் இருந்த சிவலிங்கம் சொன்னான். அவன் மனைவி அப்போது நிறைமாதம். மத்தியானம் நாவுலவிலிருந்து, அவளுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. ஐந்து நாற்பதுக்கு அவனும் ஏறிவிட்டான். நான் அவனைக் குறை சொன்னதில்லை. அவன் அதற்குப் பிறகு என்னோடு பேசியதில்லை.

அன்று மட்டமான கரி. இரண்டாம் நம்பருக்குள் கட்டி பிடித்திருந்தது. அதை விழுத்துவதென்றால் பொறுப்பாளர் மேலே நின்று தீயை இறக்க வேண்டும், பிறகு கீழே கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். தீயை இறக்காமல் திறந்தால் நெருப்புக் கட்டி அப்படியே தொட்டித் தண்ணீரில் விழும். தண்ணீர் ஆவியாகி வெடிக்கும். இது அழகையாவுக்குத் தெரியாததா? பதினான்கு வருடம் செய்தவன். ஐந்து ஐம்பதுக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. மேலே யாரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்திருப்பான். பிறகு திறந்திருக்கிறான். கொதிகலனைக் காப்பாற்றத் திறந்தான் என்று இப்போது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எனக்குத் தெரியாது. பார்க்க ஆள் இல்லை, அதனால் ஒருவருக்கும் தெரியாது.

ஜீப்பில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்தார்கள். தாள் மேசையில் இருந்தது. “நீ இங்க இருந்தேன்னு சொன்னா, பார்த்துக்கிட்டு இருந்து அவன சாகவிட்டே. இல்லைன்னு சொன்னா, கள்ளக் கையெழுத்து. எது வேணும்?” என்றார். தாள் ஒழுங்காக இருக்கட்டும் என்று சொன்ன அதே ஆள். பிறகு மூன்றாவதாக ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் தடுத்தேன், அவன் கேட்கவில்லை. அது எழுதித் தயாராக இருந்தது. நான் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். வாசிக்காமல் வைத்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

2008இல் கட்டாரில் ஒரு மின்நிலையத்தில் வேலை கிடைத்தது. சேவைக் கடிதம் கேட்டேன். அதில் 2003 விஷயத்தையும் எழுத வேண்டி வருமே, பரவாயில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு நான் எங்கேயும் கேட்கவில்லை. அந்த மூன்றாவது பதிலுக்குள்தான் இத்தனை வருடமும் குடியிருக்கிறேன்.

ஜீப்பில் ஏறும்போது உன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல நேரமில்லை என்பதல்ல. ஏழாம் நாள் வந்தால் நீ கேட்பாய் என்று பயந்தேன். சின்ன வயதிலிருந்தே நீ கேட்கிற ஆள்.

‘விபத்தில் இறந்தார்’ என்று மட்டும் போட முடியுமா பார். என் பெயரை இழுக்காதே. அன்று நான் அங்கே இருக்கவில்லை என்று எழுதினால் முப்பது வருடத் தாளும் பொய்யாகும். அதில் எண்பது பேருடைய கையெழுத்து இருக்கிறது. பாதிப் பேர் செத்துப் போனார்கள்.

அண்ணன்


இரத்தோட்டை,
20.10.2024

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். என்ன நினைக்கிறேன் என்று இப்போது எழுத மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி ‘விபத்தில் இறந்தார்’ என்று மாற்றிக்கொண்டு மனேஜரிடம் போனேன். அவர் மேசை இலாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். இறுதிப் பிரதியை முழுமையாகப் பார்த்து அங்கீகரிக்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்து.

என்னுடையதேதான். ஓகஸ்ட் இருபத்தேழாம் திகதி, உங்கள் தாள்களைப் புரட்டி முடித்துக் கிளம்பும் நேரத்தில், அலுவலகப் பெண் அந்தத் தாளை நீட்டினாள். இதற்காக இன்னொருமுறை வந்து அலைய வேண்டாமே டீச்சர், இப்பவே போட்டுட்டுப் போங்க என்றாள். ஐந்து முப்பத்தைந்து. சந்தியில் பஸ் நிற்பது தெரிந்தது. எண்பது பேர் எப்படிக் கையெழுத்து வைத்தார்கள் என்று மூன்று மணித்தியாலம் ஆராய்ந்துவிட்டு வந்த நான், நின்றபடியே கையெழுத்து வைத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது.

மலர் அச்சாகிவிட்டது. ஐந்நூறு பிரதிகள். பெயர் வெட்டுப்பட்டவர்களைப் பற்றிய பத்தி இல்லை. அழகையாவைப் பற்றிய வாக்கியம் இருக்கிறது. கீழே ‘தமிழில்: ஷியாமளா’ என்று போட்டிருக்கிறார்கள். மூடுவிழா வரைக்கும் பெட்டிகளில் இருக்கும்.

மனேஜரோடு வாதிட்டேன். கடைசியில், அன்றைய ஷிப்ட் பொறுப்பாளரே எழுத்தில் தந்தால் ஒரு திருத்தச் சீட்டை அச்சடித்து அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒட்டலாம் என்றார். ஒருநாளும் வராது என்ற நம்பிக்கையில் சொன்னார். எனக்கு அது போதும்.

சீட்டை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: ‘14.03.2003 மாலை அழகையா சாம்பல் தொட்டியின் கதவைத் திறந்த வேளையில் ஷிப்ட் பொறுப்பாளர் நிலையத்தில் இருக்கவில்லை. அழகையாவை எவரும் தடுக்கவில்லை. தடுக்க அங்கே எவரும் இருக்கவில்லை.’ கீழே புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன். எண்பது பேரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அடக்கப் பதிவேட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. நீங்கள் இல்லாமலே நான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும். கொடுக்க மாட்டேன் என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. நவம்பர் பதினைந்து வரை காத்திருக்கிறேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் எனக்குப் பரவாயில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஓகஸ்ட் இருபத்தாறாம் திகதி கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன்.

ஷியாமளா


கெஹெல்வெல,
12.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் சீட்டைச் சட்டைப் பையிலேயே பத்து நாள் வைத்திருந்தேன். கரி பட்டு மடிப்பு கறுத்துவிட்டது. மன்னித்துக்கொள்.

கையெழுத்து வைக்குமுன் இலட்சுமியிடம் போனேன். நீ கொண்டுபோய்ச் சொல்வதற்குள் நான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பத்து மணித் தேநீர் முடிந்து கன்டீனில் யாரும் இல்லை. அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், தாள், சிவலிங்கம், அம்மா, ஜீப். என் காது இப்படி இருப்பதால் நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. வெளியே முற்றத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

முடித்துவிட்டு உன் சீட்டை வாசித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள், உதடு தெரியும்படி.

“புத்தகத்துல எழுதுறது டீச்சரோட வேலை. நான் அத வாசிக்கப் போறதில்ல. நீங்க என்ன சொன்னீங்க சேர், மேல அந்த ரூமுல, வருசா வருசம்?”

இதை நான் உனக்கு முன் கடிதத்தில் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. புதிதாக வேலைக்கு ஆள் எடுத்தால் முதல் நாள் மேல்மாடி அறையில் வைத்துப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடக்கும். 2003க்குப் பிறகு அதை நடத்துவது நான். சுப்பரின்டென்டன் அப்படி ஒழுங்கு செய்தார். சாம்பல் தொட்டியின் படத்தைக் காட்டி, “அழகையா மாதிரி அவசரப்படாதீங்க” என்று சொல்ல வேண்டும். சொன்னேன். சிங்களத்திலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். போகப் போக, சிரிப்பு வருகிற மாதிரிச் சொல்லக்கூடப் பழகிவிட்டேன். அந்த அறைக்குத் தேநீர் கொண்டுவருகிறவள் இலட்சுமி. ஒருமுறைகூடத் தட்டு ஆடியதில்லை.

“எத்தன பேருக்குச் சொல்லியிருப்பீங்க?” என்றாள்.

தெரியாது என்றேன்.

“நான் எண்ணியிருக்கேன்” என்றாள். எத்தனை என்று சொல்லவில்லை.

அதே அறையில் மாற்றிச் சொல்லச் சொன்னாள். நிலையமே மூடப்போகிறது, இனிப் புது ஆள் யார் வரப்போகிறார்கள், யாரிடம் சொல்வது என்று கேட்டேன். உண்மையில் அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அவள் ஒன்றாம் நம்பர் பக்கம் கையைக் காட்டினாள். “வெட்டுறதுக்கு ஆளு வர்றாங்கல்ல.”

பழைய இரும்புக்காரர் ஒன்றாம் நம்பர் கொதிகலனை இந்த மாதமே வெட்டத் தொடங்குகிறார். வெட்டுகிறவர்களுக்கும் வகுப்பு நடத்த வேண்டும் என்பது சட்டம். நேற்றுப் பத்து மணிக்கு நடந்தது. பதினொரு பேர். தம்புள்ளைப் பக்கம், வில்கமுவப் பக்கம். அழகையா யார் என்று ஒருவனுக்கும் தெரியாது. மனேஜர் பின்வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்வுகள், முகமூடி, கயிறு எல்லாம் சொல்லி முடித்துத் தொட்டியின் படத்துக்கு வந்தேன். வாயில் பழைய வசனம்தான் வந்து நின்றது. அதைத் தள்ள நேரம் எடுத்தது. பிறகு, இந்த இடத்தில் அழகையா என்று ஒருவர் செத்தார், மணி அடித்தபோது அவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் இங்கே இருக்கவில்லை, ஆனால் இருந்ததாகக் கையெழுத்து இருந்தது என்று சொன்னேன். சிங்களத்தில் முதலில், பிறகு தமிழில். முன்வரிசையில் ஒருவன் ஏதோ கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. இலட்சுமி தட்டை மேசையில் வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்தாள்.

“அந்த நேரம் டியூட்டியில யாரு இருக்க வேண்டியதுன்னு கேக்குறாங்க சேர்.”

“நான்” என்றேன்.

மனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். பின்னேரமே கடிதம் வந்துவிட்டது. ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். விசாரணை முடியும்வரை நான் நிலையத்தை விட்டுப் போகக்கூடாதாம். அதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்கே போயிருக்கிறேன் இத்தனை வருடத்தில்?

சீட்டில் கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன். வகுப்பு முடிந்து இறங்கியதும் பதினொன்று இருபதுக்கு வைத்தது. நேரத்தையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அச்சடிக்கிறார்களோ இல்லையோ, நீ பத்திரமாக வைத்துக்கொள். சிவலிங்கத்தை இதில் கொண்டுவராதே.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் இலட்சுமி கோப்பைகளை அடுக்கினாள். நான் கதவருகில் நின்றேன். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்று உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். ஏசினாலும் சரி, அழுதாலும் சரி, அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் கோப்பைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“பதிமூனு பேருன்னு சொன்னாங்க சேர். ரெண்டு பேரு வரல. வில்கமுவ பஸ் ஓடலையாம், நாளைக்கு வருவாங்க. அவங்களுக்கும் சொல்லுங்க.”

இன்று காலை வந்துவிட்டார்கள். இருவரும் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். இலட்சுமி தேநீருடன் படியேறிவிட்டாள்.

உன் அண்ணன்
கிறிஷாந்த்